பெயர் சொல்லிக் கூப்பிடும் நாடு

ஐஸ்லாந்தில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் அவித்த முட்டை மணக்கும். பூமிக்குள்ளிருந்து நேராக வரும் தண்ணீர் அது, கந்தகம் கலந்தது. முதல் நாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு குளிப்போம். இரண்டொரு நாளில் அந்த மணம் இருப்பதே தெரியாமல் போய்விடும். லண்டனுக்குத் திரும்பி வந்து, ஹரோவில் எங்கள் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்தால்தான் அது நினைவுக்கு வரும். தண்ணீரில் எதையோ போட மறந்துவிட்டார்கள் போல இருக்கும். அந்த வீட்டை விற்று வேறு இடத்துக்கு வந்த பிறகும் சில காலைகளில் எனக்கு அப்படி இருப்பதுண்டு.

அந்த நாட்டுக்கு நான் முதலில் போனது வேலை விஷயமாக. நான் நீர்க்குழாய்ப் பொறியியலாளர். லண்டனின் தெருக்களுக்கு அடியில் ஓடும் பழைய குழாய்களில் எது முதலில் வெடிக்கும், எதை முதலில் மாற்ற வேண்டும் என்று வரிசைப்படுத்துவது என் வேலை. வரிசைப்படுத்துவது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்கும் என்பதால் அது எனக்கு வேலையாகவே தெரிவதில்லை. வேலைக்குச் சேர்ந்து சில காலத்தில், சுடுதண்ணீர்க் குழாய்கள் பற்றிய ஒரு பயிற்சிக்கு யாரையாவது அங்கே அனுப்ப வேண்டியிருந்தது. மாசி மாதம். ஒருவருக்குப் பிள்ளையின் பிறந்தநாள், ஒருவருக்கு முதுகு வலி, ஒருவருக்குக் குளிர் ஒத்துவராது. காரணம் சொல்லத் தெரியாத ஆள் நான்தான்.

அங்கே ஒரு மலைச்சரிவுக்குக் கூட்டிப்போனார்கள். மலைக்கப்பால் கொதிக்கும் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவரும் பெரிய குழாய் பனியின் மேல் கிடந்தது. அது நேராக வரவில்லை. வேண்டுமென்றே வளைத்து வளைத்துப் போட்டிருந்தார்கள். சூட்டில் இரும்பு நீளும், நிலநடுக்கம் வந்தால் நிலமே நகரும். அதனால் குழாயை இறுக்கிக் கட்டாமல், தாங்கிகளின் மேல் அங்குமிங்கும் வழுக்கிக்கொள்ள விட்டிருந்தார்கள். லண்டனில் நாங்கள் குழாயை அசையாமல் புதைத்துவிட்டு, அது ஏன் உடைந்தது என்று வருடம் முழுவதும் அறிக்கை எழுதுகிறோம். என்னோடு வந்தவர்கள் படம் எடுத்துவிட்டு பஸ்ஸுக்குள் ஏறிவிட்டார்கள். நான் கால் விறைக்கும்வரை அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கோடையில் என் சொந்தச் செலவில் போனேன். தெற்கில், எரிமலைக் குழம்பு உறைந்து கல்லான வெளி முழுவதும் மெத்தை போலப் பாசி படர்ந்திருந்தது. அதன் மேல் மிதிக்கக் கூடாது, ஒரு காலடி ஆற வருடக்கணக்காகும் என்றார்கள். அதற்கடுத்த வருடம் வடக்கே, பூச்சிகள் மொய்க்கும் ஒரு ஏரி. பிறகு கிழக்கே, கடல் உள்ளே புகுந்து மலைகளுக்கு நடுவில் நிற்கும் இடங்கள். பிறகு நடுநாட்டுப் பாலைவனம், அங்கே ஆறுகளுக்குப் பாலம் கிடையாது, பெரிய சில்லு வைத்த பஸ் தண்ணீருக்குள் இறங்கித்தான் போகும். அதற்குப் பிறகு ஒரு வருடம் புதிதாக எதையும் பார்க்கப் போகவில்லை. முன்பு பார்த்த அதே தெற்குப் பாசியை மறுபடியும் பார்க்கப் போனேன். சுற்றிப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு, கொண்டுபோக வேண்டியவற்றை ஒரு தாளில் அச்சடித்துக் குசினியில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவேன். காற்றுப் புகாத மேலங்கி, கம்பளிக் காலுறை, வரைபடம், கைவிளக்கு. ஒரு கிழமைக்குள் அதன் அடியில் அம்மாவின் கையெழுத்தில் பென்சிலால் சில சேர்ந்திருக்கும். மிளகாய்த்தூள். வேர்க்கொம்பு என்கிற சுக்கு. தட்டை வடை. வீபூதி. நான் எதையும் வெட்டி நீக்கியதில்லை. தட்டை வடை அந்தக் காற்றில் நமுத்துப் போகாமல் கடைசி நாள்வரை மொறுமொறுவென்று இருக்கும் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஒரு பங்குனியில் தெற்கு லண்டனில் தோர்ண்டன் ஹீத்திலிருந்து, கலியாணம் பேசும் மாமி ஒருவர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் பிடித்திருக்கிறதாம். படிப்பு, வேலை, சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிப்பது, எல்லாம். ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறதாம். பிள்ளை ஏன் வருடாவருடம் தனியே அந்த ஐஸ் நாட்டுக்குப் போகிறது? மாமி சொன்னதை அம்மா எனக்கு அப்படியே ஒப்புவித்தார்.

"ஒருக்காப் போனால் இடம் பாக்கப் போறதாம். ஒவ்வொரு வருசமும் போனால் ஆளைப் பாக்கப் போறதாம்."

அம்மாவுக்கு அதுவரை அப்படி ஒரு சந்தேகம் வந்ததேயில்லை. மாமி சொன்ன பிறகு எங்கு பார்த்தாலும் அதற்குச் சாட்சி தெரியத் தொடங்கியது. அங்கிருந்து எனக்குக் கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அட்டை வருகிறது. அங்கே எந்தப் பக்கம் சுற்றினாலும் முதல் இரவு நான் எப்போதும் ஒரே வீட்டில் தங்குகிறேன். அந்த வீட்டுக்காரியைப் பற்றி நான் முன்பே எத்தனையோ முறை சொல்லியிருந்தேன், தெற்கில் ஒரு சின்ன ஊரில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடும் பெண், அறுபதைத் தாண்டியவர் என்று. அம்மா அதை நம்பினார். ஆனால் அறுபதைத் தாண்டியவருக்கு மகன்கள் இருக்கக்கூடும் என்றார்.

"அங்க ஒருத்தரும் இல்லையம்மா," என்றேன்.

"அப்ப ஏன் போறாய்?"

நான் சொல்லிப் பார்த்தேன். பாசியின் பச்சையைச் சொன்னேன். வளைந்து கிடக்கும் குழாயைச் சொன்னேன். காற்று அடித்து ஓயும்போது காதுக்குள் வரும் அமைதியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, யாரையோ மறைக்கிற ஒரு பெண் சொல்லும் பொய் போலவே எனக்கும் கேட்டது.

வைகாசிக்கு ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தேன். அதை ரத்துச் செய்யும்படி அம்மா சொன்னார். என் அலுவலகத் தோழி ஒருத்தி, வெள்ளைக்காரி, நீ வளர்ந்தவள், உன் சம்பளம், உன் விடுமுறை, பேசாமல் போய் வா என்றாள். அவள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அம்மா வாசலில் நின்று 'கவனமாப் போட்டு வா' என்று சொல்லாத பயணத்துக்கு எப்படிப் பெட்டி அடுக்குவது என்று எனக்குத் தெரியாது. அதை அவளுக்கு விளங்கப்படுத்தவும் தெரியவில்லை.

அம்மா இரண்டாம் முறை இதைப் பேசிய அன்று அப்பா மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது பார்க் ரோயல் பக்கம் ஒரு உணவுக் களஞ்சியத்தில் வேலை செய்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்டு முடியும்வரை கதைக்க மாட்டார். அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டில் கதைத்தார்.

"நான் போய்ப் பாத்திட்டு வாறன்."

அம்மா யோசித்தார். பிறகு தீர்ப்பின் விதிகளைச் சொன்னார். அப்பா போய்ப் பார்க்கட்டும். அப்பாவின் கண்ணுக்கு எல்லாம் சரியென்றால் பிள்ளை எத்தனை முறையும் போகலாம், மாமிக்கு அம்மாவே பதில் சொல்லுவார். அப்பாவுக்குச் சரிப்படவில்லை என்றால் இதுதான் கடைசிப் பயணம். நான் சம்மதித்தேன். அன்றிரவு பட்டியலைத் திறந்து, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இரண்டு என்று போட்டேன்.

அப்பா அதுவரை சும்மா ஒரு நாட்டுக்குப் போனதில்லை. கனடா, பிரான்ஸ், ஜெர்மனி எல்லாம் போயிருக்கிறார், எல்லாம் கலியாண வீடும் செத்த வீடும். ஆகவே காற்றுப் புகாத மேலங்கிக்குள் வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்துதான் விமானம் ஏறினார். இறங்கியதும் கார் வாடகைக்கு எடுக்கப் போனோம். மேசையில் இருந்த இளைஞன் கணினியைப் பார்த்துவிட்டு, மறுபடியும் வந்ததற்கு நன்றி என்று என் பெயரைச் சொல்லிச் சிரித்தான். அப்பா அவனை உச்சியிலிருந்து மேசை விளிம்புவரை பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"இவனோ?"

"அப்பா, அவர் கம்பியூட்டரைப் பாத்துச் சொல்லுறார்."

"ம்."

விமானநிலையத்திலிருந்து வரும் பாதையின் இரண்டு பக்கமும் கறுத்த கல்வெளி. தார் கொதித்து, பொங்கி, அப்படியே இறுகிப்போனது மாதிரி இருக்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நெஞ்சு லேசாகும். அப்பா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதையோ பாக்க வாறனீ?"

"ஓம்."

"ஒரு மரத்தையும் காணேல்லை."

"மரம் குறைவு அப்பா."

"ஆக்களும் குறைவு." கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னார், "கொம்மா கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?"

பாசிக்கும் கல்லுக்கும் அப்பாவிடம் வழக்குப் பேசத் தெரியாது. நானும் முயன்று தோற்றவள். வழியில் பெட்ரோல் அடித்த இடத்தில் ஒரு உயரமான பொடியன் கதவைத் திறந்துவிட்டான், அவனையும் அப்பா கணக்கெடுத்துக்கொண்டார்.

அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். வீட்டுக்காரி வாசலில் நின்று என்னைக் கட்டிப் பிடித்தார், அப்பாவுக்குக் கை கொடுத்தார். உள்ளே போய்க் கோப்பி வைத்துவிட்டு, வழக்கம்போலப் பதிவதற்காக இரண்டு கடவுச்சீட்டுகளையும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், அப்பாவின் தலையைப் பார்த்தார். அப்பாவுக்கு அப்போதே முன்பக்கம் முடி இல்லை. பிறகு என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார், தகப்பனோடு வருவதாக அல்லவா எழுதியிருந்தாய், இவர் உன் அண்ணனா என்று.

அப்பாவுக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனால் தான் கேட்டது சரிதானா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னவாம்?"

"நீங்கள் என்ரை அண்ணையாம்."

லண்டனை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து அப்பா சிரித்தது அப்போதுதான். வழுக்கையைத் தடவிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

அந்தப் பெண் கேட்டதில் பிழை இல்லை. அந்த நாட்டில் அநேகமாக யாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முதலில் தன் பெயர், பின்னால் தகப்பனின் பெயரோடு மகன் அல்லது மகள் என்ற சொல், அவ்வளவுதான். ஒரு வீட்டுக்குள் கணவனுக்கு ஒரு பின்பெயர், மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு வேறொன்று. பின்னால் வரும் தகப்பன் பெயர் ஒன்றாக இருந்தால் அவர்கள் ஒரு தகப்பனின் பிள்ளைகள். எங்கள் இரண்டு கடவுச்சீட்டிலும் குடும்பப் பெயராக இருந்தது ஒரே பெயர்.

அது எப்படி வந்தது என்பதை நான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். யாழ்ப்பாணத்தில் தகப்பனின் பெயரை முன்னால் எழுதி, தன் பெயரை அதற்குப் பின்னால் எழுதுவோம். அப்பா லண்டனுக்கு வந்து இறங்கிய நாளில், படிவத்தில் தன் பெயரை அப்படித்தான் எழுதினார். வேறு எப்படி எழுதுவார்? வெள்ளைக்காரருக்கு முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர், பின்னால் இருப்பது குடும்பத்தின் பெயர். ஆகவே என் தாத்தாவின் பெயர் அப்பாவின் பெயராயிற்று. அப்பாவின் பெயர் எங்கள் குடும்பத்தின் பெயராயிற்று. பிறகு நான் பிறந்தபோது, பட்ட அனுபவத்தில், என் பெயரை முன்னால் போட்டு அப்பாவின் பெயரைப் பின்னால் எழுதினார்கள்.

வீட்டுக்காரி கவனமாகக் கேட்டார். இந்தக் கதையை நான் வங்கியில், பள்ளிக்கூடத்தில், வைத்தியசாலையில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடிவதற்குள் கேட்பவரின் கண் எங்கேயோ போய்விடும். அவருக்கோ பாதியிலேயே விளங்கிவிட்டது.

"அப்படியானால் இவரைத் தலைகீழாக அல்லவா எழுதி வைத்திருக்கிறார்கள்," என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு, கடவுச்சீட்டை அப்பாவின் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டார். "இதில் எது நீங்கள்?"

அப்பா குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்தார்.

அவர் அதை வாசித்தார். முதல் எழுத்தில் அழுத்தி, நடுவில் வரும் ரகரத்தை நன்றாக உருட்டி, கடைசியை விழுங்கிவிட்டார். அப்பா மெதுவாகத் திருத்தினார். அவர் மறுபடியும் சொன்னார். இரண்டாம் முறை ஓரளவு சரியாகவே வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லி, கோப்பிக்குப் பால் விடவா என்று கேட்டார்.

"ஓம்," என்றார் அப்பா. பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் என் கோப்பியைக் கலக்கிக்கொண்டே, என் வழக்கப்படி, மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். அம்மா அப்பாவை 'இஞ்சாருங்கோ' என்பார். மற்றவர்களிடம் 'எங்கட வீட்டுக்காரர்' என்பார். கணவன் பெயரை அம்மா சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. நான் அப்பா என்பேன். கோயிலில், கடையில், கலியாண வீட்டில் எல்லோருக்கும் அவர் அண்ணை. என் தோழிகளுக்கு அங்கிள். அவருடைய அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் 'தம்பி' என்று அழுவார். பெயர் சொல்லக் கூடிய தாயும் தகப்பனும் உயிரோடு இல்லை. வேலையிடத்தில் வெள்ளைக்காரர் சிநேகமாக முன்பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அது தாத்தாவின் பெயர். அப்பாவின் பெயர் எங்கள் கதவுத் துவாரத்தால் விழும் எல்லாக் கடிதங்களிலும் இருந்தது, யாருடைய வாயிலும் இல்லை. நான் அதைச் சொன்னதெல்லாம் மின்சாரக் கம்பனிக்கு, தொலைபேசியில், ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக.

அடுத்த நாள் அப்பா எனக்கு முன்பே எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். நான் படியில் இறங்கும்போதே பேச்சுக் குரல் கேட்டது. வீட்டுக்காரி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார், அப்பா எதிரே இருந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார். களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையைப் பற்றிய கதை. மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கத்தினாராம். அப்பா தன்னைத்தான் என்று நினைக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாராம், தன் தகப்பன் வந்து நிற்கிறாரோ என்று. தாத்தா கண்டிப்பான மனிதர். ஊரில் அவர் பெயரை அவருக்குக் கேட்கும்படி யாரும் சொன்னதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி, பால்பெட்டிகளை இறக்கு, நிலத்தைக் கூட்டு என்று சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அப்பாவுக்குக் கூச்சமாக இருக்குமாம்.

ஏன் திருத்தவில்லை என்று வீட்டுக்காரி கேட்டார்.

"அவர்கள் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள்," என்றார் அப்பா ஆங்கிலத்தில். "பிறகு நாளாகிவிட்டது."

நான் கடைசிப் படியில் நின்றேன். இந்தக் கதையை அப்பா வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்தப் பெண் கையைத் துடைத்துவிட்டு உள்ளே போய்த் தொலைபேசிப் புத்தகத்தைக் கொண்டு வந்து அப்பாவின் முன்னால் போட்டார். அந்த நாட்டின் தொலைபேசிப் புத்தகம் ஆட்களின் சொந்தப் பெயர் வரிசையில்தான் இருக்கும், நாட்டின் தலைவரும் அப்படித்தான். ஒரே பெயரில் பலர் இருப்பதால் பக்கத்தில் தொழிலையும் போட்டிருப்பார்கள். அப்பாவின் பெயர் எந்தப் பக்கத்தில் வரும் என்று அவர் தேடிக் காட்டினார். இரண்டு மீன்பிடிகாரருக்கும் ஒரு பல்வைத்தியருக்கும் நடுவில்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு என் இடங்களுக்கெல்லாம் போனேன். பாசியைக் காட்டினேன். அதன் மேல் மிதிக்காமல், வேட்டி நனையாமல் நடப்பவர் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். வளைந்து கிடக்கும் குழாயைக் காட்டி, அது ஏன் வளைந்திருக்கிறது என்று முழு விளக்கமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நேராகப் போட்டிருந்தால் இரும்பு மிச்சம் என்றார். ஊர் நீச்சல் குளத்துக்குப் போனோம். திறந்த வெளியில் ஆவி பறக்கும் தண்ணீர். ஆனால் அதற்குள் இறங்குமுன் எல்லோருக்கும் முன்னால் உடுப்பில்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் நிற்பார். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா வெளியே வர வெகுநேரமாயிற்று. வந்தவர் கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இதைக் கொம்மாட்டைச் சொல்லாதை."

ஒவ்வொரு பின்னேரமும் வீடு திரும்பும்போது, வெளிச்சம் குறையாத அந்த நாட்டு வானத்தின் கீழ், அப்பாவின் நடை வாசலுக்குக் கிட்ட வரும்போது கொஞ்சம் விரைவாகும். உள்ளேயிருந்து அவர் பெயர் வரும். தொப்பியை மறந்துவிட்டுப் போய்விட்டீர்களே என்று. சூப் ஆறுகிறது என்று. கருவாட்டை வெண்ணெய் பூசிப் பச்சையாகவே தின்னும் வழக்கம் அங்கே உண்டு. அப்பா அதற்கு எங்கள் மிளகாய்த்தூளைத் தூவிக் கொடுத்தார். வீட்டுக்காரி இருமிக்கொண்டே அப்பாவின் பெயரைச் சொல்லித் திட்டினார். அப்பாவை ஒருவர் பெயர் சொல்லித் திட்டுவதையும் நான் முதல்முறை கேட்டேன்.

எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். மறுபக்கம், திரும்பும் நாள் கிட்டக் கிட்டப் பயம். அப்பா தீர்ப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. விமானத்தில் ஏறியதும் கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு நித்திரையாகிவிட்டார்.

ஹரோவில் அம்மா புட்டும் மீன்குழம்பும் வைத்திருந்தார். அப்பா குளித்து, சாப்பிட்டு, கை கழுவி வரும்வரை அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் இல்லாத நாட்களில் மாமி இரண்டு முறை தொலைபேசி எடுத்திருக்கிறார் என்பதை மட்டும் எனக்குச் சொன்னார். பிறகு கை துடைத்த துணியைக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ, என்ன இருக்குது அங்க?"

"கல்லு," என்றார் அப்பா. "பாசி. நல்ல காத்து."

"அவ்வளவும்தானோ?"

"ஒரு குழாய் இருக்குது. வளைஞ்சது."

அம்மா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஆரும் இருக்கினமோ?"

"ஓம்," என்றார் அப்பா. "ஒரு மனுசி இருக்கிறா. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறா."

அம்மாவின் முகம் என்னவாகப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா கேட்டார்.

"எந்தப் பேர்?"

"என்ரை பேர்."

"மாமான்ரை, உங்கட அப்பான்ரை பேரில்லையே?"

"இல்லை. என்ரை."

அம்மா கதிரையை இழுத்து அப்பாவுக்கு எதிரே இருந்தார். அவரை அப்படி அம்மா பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. தெரிந்த ஒருவரைக் கூட்டத்துக்குள் தேடிக் கண்டுபிடித்தவர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எத்தினை வயசு அவவுக்கு?"

"என்னிலும் மூப்பு."

"அப்பச் சரி," என்றார் அம்மா.

அடுத்த நாள் காலையில் அம்மாவே தோர்ண்டன் ஹீத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன், மெட்ரோபொலிட்டன் லைனில் என் வழக்கமான ரயிலைத் தவறவிட்டேன், அந்த உரையாடலைத் தவறவிட மனம் வரவில்லை. இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் என்றார் அம்மா. அது நல்ல இடம், மரியாதையான சனம் என்றார். மறுமுனையில் மாமி நெடுநேரம் ஏதோ சொன்னார்.

"பிள்ளை வருசாவருசம் போகும்," என்றார் அம்மா. "அவையளுக்கு அது ஏலாதெண்டால் வேற இடம் பாக்கச் சொல்லுங்கோ."

வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல என் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் தந்தார். நான் சப்பாத்து நூலைக் கட்டக் குனிந்தேன். அம்மா பக்கத்தில் நின்று என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டை அந்தக் குளிருக்குப் போடச் சப்பாத்து இல்லை," என்றார்.

அந்தச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் மூன்று பேரும் மலையேறுபவர்களுக்கான கடை ஒன்றுக்குப் போனோம். பெண்களுக்கான சப்பாத்துகள் எல்லாம் ஊதா நிறமாக இருக்கின்றன என்று, அம்மா ஆண்கள் பக்கத்தில் மண்ணிறச் சோடி ஒன்றை எடுத்தார். அந்தக் கடையில், சப்பாத்தைப் போட்டுப் பார்ப்பதற்காக, உண்மையான கற்களைப் பதித்து ஒரு சின்னச் சரிவு கட்டி வைத்திருந்தார்கள். அம்மா சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறு கையால் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அதன் உச்சிக்கு ஏறினார். விற்பனைப் பெண் கீழே நின்று, விரல் முட்டுகிறதா என்று கேட்டாள். அம்மா அதைக் கவனிக்கவில்லை. காலுக்குக் கீழே இருந்த கற்களைப் பார்த்தார்.

"இப்பிடித்தானோ இருக்கும் அங்க?"

"இதைவிடக் கறுப்பு," என்றார் அப்பா.